கணக்கை மூடிவிட்டால் என் அந்தரங்கம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 41. ஃபேஸ்புக்கில் 14 ஆண்டுகளாகவும், இன்ஸ்டாகிராமில் சில ஆண்டுகளாகவும் இருக்கிறார். அலுவலகச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. சென்ற ஆண்டு தம்பியை இழந்த அவர், அந்தத் துயரத்திலிருந்து மீள்வதற்காக ஆலோசகர் ஒருவர் நடத்தும் சிறு குழுவில் சேர்ந்தார். வாரம் ஒரு முறை எட்டுப் பேர் கூடுவார்கள். பெயரை மட்டும் சொல்லிக்கொள்வார்கள். வேலை, குடும்பம், முகவரி எதையும் கேட்டுக்கொள்வதில்லை என்பது அங்கே எழுதப்படாத ஒப்பந்தம். மூன்றாவது கூட்டம் முடிந்து வீடு திரும்பிய இரவில், ஃபேஸ்புக்கின் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ பட்டியலில், எதிர் நாற்காலியில் கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பெண்ணின் முகம் இருந்தது. தொட்டுப் பார்த்தால் முழுப் பெயர், வேலை பார்க்கும் இடம், இரண்டு குழந்தைகள். “அவர் எனக்குச் சொல்லாத எல்லாவற்றையும் அந்தத் திரை சொல்லிவிட்டது. என் படமும் அவருக்கு இப்படித்தானே போயிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு நடுங்கியது” என்று எழுதியிருக்கிறார்.

அன்றிரவே எல்லாச் செயலிகளையும் கைப்பேசியிலிருந்து நீக்கினார். அலுவலகக் குழுவின் செய்திகள் வேண்டியிருந்ததால் இரண்டே நாளில் திரும்ப நிறுவினார். ‘என் படங்களையும் தகவல்களையும் பயன்படுத்த நான் அனுமதிக்கவில்லை’ என்று தொடங்கும் ஓர் அறிவிப்பைத் தோழி அனுப்ப, அதைத் தன் பக்கத்தில் அப்படியே ஒட்டினார். முதுகுவலிக்கு ஏற்ற நாற்காலி வாங்குவதைப் பற்றிக் கணவரிடம் பேசிய மறுநாளே அதற்கான விளம்பரம் வந்ததால், கைப்பேசி ஒட்டுக்கேட்கிறது என்று உறுதியாக நம்புகிறார். கணவரோ “மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?” என்கிறார். இதற்கிடையில் 13 வயது மகள், தான் காய்ச்சலில் படுத்திருந்த படத்தை அம்மா பல ஆண்டுகளுக்கு முன் பகிர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, “என்னைக் கேட்டாயா?” என்று அழுதிருக்கிறாள். இருப்பதா, விலகுவதா? விலகினால் எல்லாம் அழிந்துவிடுமா? அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

அந்த இரவில் உங்களுக்கு வந்த நடுக்கத்தை மிகையான பயம் என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தகவல் பாதுகாப்பு தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக நான் கண்டவரை, கோடிக்கணக்கானவர்களின் தகவல் திருடுபோன செய்தியைவிட, ஓரிடத்தில் நம்பிச் சொன்ன ஒரு சிறு விஷயம் வேறோர் இடத்தில் தலைகாட்டுவதுதான் மனிதர்களை அதிகம் காயப்படுத்துகிறது. மருத்துவரிடம் சொல்வதை நாம் பக்கத்து வீட்டாரிடம் சொல்வதில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்ததெல்லாம் மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் குழு அப்படி ஒரு சுவரை எழுப்பியிருந்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அதை உடைக்கவில்லை. ஆனாலும் அது உடைந்தது.

இருப்பதா விலகுவதா என்பதை முடிவு செய்யும் முன், யாரிடமிருந்து காத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்பதற்கு நீங்கள் விடை காண வேண்டும். உங்கள் கடிதத்தில் நான்கு கவலைகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. நிறுவனம் உங்களைப் பற்றி அறிந்துவைத்திருப்பது ஒன்று. முகம் தெரியாதவர்கள் உங்கள் எண்ணையோ படத்தையோ எடுத்துக்கொள்வது இன்னொன்று. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் அறியக் கூடாததை அறிந்துகொள்வது மூன்றாவது. உங்களை உலுக்கியது இதுதான். நான்காவது, உங்கள் கையால் மகளுக்கு நேர்ந்தது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. பதிவுகளை ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று மாற்றினால் அந்நியர்களின் பார்வை தடைபடும், ஆனால் நிறுவனத்தின் பார்வை சிறிதும் குறையாது. கணக்கையே மூடினால் நிறுவனத்துக்குப் புதிதாகப் போய்ச்சேர்வது வெகுவாகக் குறையும், ஆனால் உறவினர் ஒருவர் குடும்பப் படத்தில் உங்கள் முகத்தைப் பகிர்வதை அது தடுக்காது.

அந்தப் பரிந்துரை எங்கிருந்து வந்திருக்கும்?

பொதுவான நண்பர்கள், ஒரே குழுவில் இருப்பது, ஒரே பள்ளி அல்லது அலுவலகம், பயனர்கள் பதிவேற்றிய தொடர்பு எண்கள் போன்றவற்றைக் கொண்டு இந்தப் பரிந்துரைகள் உருவாவதாக ஃபேஸ்புக் தன் உதவிப் பக்கங்களிலேயே சொல்கிறது. உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரும் இல்லை, அலுவலகமும் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்ட நேரம் மாறினால் ஆலோசகர் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்புவார் என்று போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். விடை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய கைப்பேசியில் உங்கள் எட்டுப் பேரின் எண்களும் இருக்கின்றன. எப்போதோ ஒரு நாள், ஏதோ ஒரு செயலியை நிறுவும்போது, ‘தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கலாமா?’ என்று திரை கேட்ட நொடியில் அவர் ‘ஆம்’ என்பதைத் தொட்டிருந்தால் போதும். ஒரே தொடர்புப் பட்டியலில் இருக்கும் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கக்கூடும் என்று கணினி கணக்குப் போட்டுவிடும். அது ஒரு துக்கக் குழுவா, நடனப் பள்ளியா என்ற வேறுபாடு அந்தக் கணக்குக்குத் தெரியாது. மனநல மருத்துவர் ஒருவரின் நோயாளிகள் ஒருவருக்கொருவர் நண்பர்களாகப் பரிந்துரைக்கப்பட்ட நிகழ்வு 2016-இலேயே பத்திரிகைச் செய்தியாக வந்தது. உங்களுக்கு நடந்தது புதிதல்ல.

இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தளம் என்னைப் பற்றி வைத்திருந்த தகவல்களைக் கேட்டுப் பெற்றுத் திறந்து பார்த்தேன். என் பதிவுகள், நான் தேடியவை என்று எதிர்பார்த்த எல்லாம் இருந்தன. ஒரு கோப்பில் மட்டும் வரிசையாகப் பெயர்களும் எண்களும். என் கைப்பேசியில் நான் எப்படிச் சேமித்திருந்தேனோ அப்படியே, ‘விவாகரத்து’ என்ற சொல் ஒட்டிய பெயர்கள் உட்பட. வீட்டில் யாருக்கும் தெரியாமல் என் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்கள் யாரும் எனக்கு அந்த அனுமதியைத் தரவில்லை. நானும் கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுத்திருந்தேன். அன்றைய நாளுக்குப் பிறகு எந்தச் செயலிக்கும் என் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டதில்லை.

இந்தப் பிரச்சினையில் பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். நீங்கள் என்ன பதிவிட்டீர்கள் என்பதைப் போலவே, மற்றவர்கள் உங்களைப் பற்றி எதைக் கொடுத்தார்கள் என்பதும் முக்கியம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனம் தொடர்பாக 2018-இல் வெளிவந்த விவகாரத்தில், ஆளுமைத் தேர்வுச் செயலி ஒன்றை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான். ஆனால் அவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் தகவல் வெளியேறியவர்களையும் சேர்த்தால், ஃபேஸ்புக் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 8 கோடியே 70 லட்சம் வரை. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் சாட்சியமளித்த மார்க் சக்கர்பெர்க், கணக்கே இல்லாதவர்களைப் பற்றியும் பாதுகாப்பின் பொருட்டுத் தகவல் திரட்டப்படுவதை ஒப்புக்கொண்டார். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவரின் எட்டு அல்லது ஒன்பது தொடர்புகளின் ட்விட்டர் பதிவுகள் கையில் இருந்தால், அவருடைய சொந்தப் பதிவுகளைக் கொண்டு கணிப்பதற்கு நிகராகவே அவர் எழுதப்போவதைக் கணிக்க இயலும் என்று காட்டியது. அதற்காக, விலகுவது பயனற்றது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். விலகல் ஒரு கதவைத்தான் மூடுகிறது, மற்ற கதவுகளுக்கு வேறு சாவிகள் வேண்டும் என்பதையே சொல்ல வருகிறேன்.

நீங்கள் நம்பியிருக்கும் சில விஷயங்கள்

நீங்கள் ஒட்டிய அந்த அறிவிப்புக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. அதன் பல்வேறு வடிவங்கள் குறைந்தது 2012 முதல் சுற்றிவருகின்றன. சிலவற்றில் ரோம் சாசனம் மேற்கோள் காட்டப்பட்டிருக்கும். ரோம் சாசனம் என்பது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவ 1998-இல் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்; உங்கள் படங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கணக்கைத் தொடங்கியபோது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை, உங்கள் பக்கத்தில் ஒட்டும் ஒரு வாசகத்தால் ஒருதலையாக மாற்ற முடியாது. ஆனால் அந்த நிபந்தனைகளின்படியே உங்கள் படங்களின் பதிப்புரிமை உங்களிடம்தான் இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தைத்தான் நிறுவனத்துக்குத் தந்திருக்கிறீர்கள், படத்தை நீக்கும்போது அந்த உரிமமும் முடிவுக்கு வரும். எனவே அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, நீக்க வேண்டிய படங்களை நீக்குங்கள். அதற்குத்தான் பலன் உண்டு.

நாற்காலி விளம்பரத்துக்கு வருவோம். இதைக் கேட்டு என்னிடம் வராதவர்கள் குறைவு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் மைக்கை இயக்கி ஒலியை அனுப்பிய செயலி ஒன்றுகூட அந்தச் சோதனையில் சிக்கவில்லை. திரையில் நடப்பதைப் படமாக்கி வெளியே அனுப்பிய செயலிகள் சில அகப்பட்டன. ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லாத அளவுக்கு மற்ற வழிகள் திறந்துகிடக்கின்றன. நாற்காலியைப் பற்றிப் பேசிய அன்று உங்கள் கணவர் தன் கைப்பேசியில் அதைத் தேடிப் பார்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வீட்டின் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒரு குடும்பமாகக் கருதப்படுவது விளம்பரத் துறையில் வழக்கமான நடைமுறை. போதாக்குறைக்கு, எண்ணற்ற இணையதளங்கள் ‘மெட்டா பிக்சல்’ என்ற சிறு நிரலைத் தங்கள் பக்கங்களில் பொதித்து வைத்திருக்கின்றன. அந்தப் பக்கத்தை நீங்கள் திறந்ததும் அந்தத் தகவல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குப் போய்விடும். 2022-இல் ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம் அமெரிக்காவின் முன்னணி 100 மருத்துவமனைகளின் இணையதளங்களை ஆராய்ந்தபோது, 33 தளங்களில் இந்த நிரல் இருந்தது, அதுவும் மருத்துவரைச் சந்திக்க நேரம் பதிவு செய்யும் பக்கங்களில். துக்க ஆலோசனைக் குழுவை நீங்கள் எப்படித் தேடிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை இந்த இடத்தில் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

கணவரின் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தம்பிக்காக நீங்கள் அழுவதில் குற்றமேதும் இல்லை; ஆனாலும் அதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பவரும் தாம் எதைக் காட்டினோம் என்று அறிந்திருப்பதில்லை. 58,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு 2013-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வில், வெறும் ‘லைக்’குகளை வைத்தே ஒருவரின் அரசியல் சார்பையும் பாலியல் நாட்டத்தையும் கணிசமான துல்லியத்தோடு கணிக்க முடிந்தது.

மூடினால் எது போகும், எது தங்கும்?

கைப்பேசியிலிருந்து செயலியை நீக்குவதால் கணக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. கணக்கைத் தற்காலிகமாக முடக்குவது மற்றவர்களின் பார்வையிலிருந்து உங்களை மறைக்கும். தகவல் அனைத்தும் நிறுவனத்திடம் அப்படியே இருக்கும். நிரந்தரமாக அழிக்கும்படி கேட்பதே மூன்றாவது வழி. ஃபேஸ்புக்கில் அப்படிக் கேட்ட பின் 30 நாட்கள் மனம் மாற அவகாசம் தருகிறார்கள். அந்த 30 நாட்களுக்குள் நீங்கள் உள்நுழைந்து ரத்து செய்ய வழியிருப்பதால், பழக்கத்தில் கை அங்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு சேமிப்பகங்களிலிருந்து முழுவதுமாக அகற்ற 90 நாட்கள் வரை ஆகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்களின் பெட்டியில் தங்கும். பிறர் பகிர்ந்த படங்களில் உங்கள் முகம் தங்கும். ஆலோசகரின் தொடர்புப் பட்டியல் வழியாகப் போன உங்கள் எண்ணும் உங்கள் கணக்கோடு சேர்ந்து அழியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபேஸ்புக்கை மூடினால் இன்ஸ்டாகிராமோ வாட்ஸ்அப்போ மூடப்படாது; மூன்றும் மெட்டா நிறுவனத்துடையவைதான் என்றாலும் மூன்றும் தனித்தனிக் கணக்குகள்.

அழிப்பதற்கு முன் உங்கள் தகவல் அனைத்தையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தம்பியோடு பேசிய செய்திகள் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றை இழந்தால் மீட்க முடியாது. ‘ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக’ என்று வேறு எந்தத் தளங்களில் கணக்குத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று பார்த்து, அவற்றுக்குத் தனிக் கடவுச்சொல் அமைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களைத் தொல்லைப்படுத்தியிருந்தால், அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண், புகார் கொடுப்பதற்கு முதல்நாள் இரவு மனம் வெறுத்துத் தன் கணக்கை அழிக்கச் சொல்லியிருந்தார். அவகாசம் முடிந்த பிறகுதான் என்னைத் தேடி வந்தார். எட்டு மாத மிரட்டல் செய்திகளில் அவர் கையில் எஞ்சியிருந்தது தோழிக்கு அனுப்பிய இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டுமே.

சட்டம் எதுவரை துணை வரும்?

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர் 2011-இல், தன்னைப் பற்றி ஃபேஸ்புக் வைத்திருப்பதையெல்லாம் தரும்படி கேட்டார். வந்து சேர்ந்தது 1,200 பக்கங்களுக்கு மேல். தான் அழித்துவிட்டதாக நினைத்திருந்த செய்திகளையும் அவர் அதில் கண்டார். இன்று அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சட்டமாணவராக இருக்க வேண்டியதில்லை. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தன் தகவலைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் தனிமனிதருக்கு உரிமை தருகிறது. கோரிக்கைக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. நீங்கள் வசிக்கும் நாட்டைப் பொறுத்து உரிமையின் அளவு மாறும். ஆனால் ‘உங்கள் தகவலைப் பதிவிறக்கு’ என்ற வசதியைப் பெரிய தளங்கள் உலகில் எங்கிருப்பவருக்கும் தருகின்றன. அதைப் பயன்படுத்த வழக்கறிஞர் தேவையில்லை.

சட்டத்தின் கை எட்டாத இடமும் உண்டு. தனிமனிதர் தன் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்காகச் செய்வதை இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. உங்கள் ஆலோசகரின் கைப்பேசி அவருடைய தொழிலுக்கும் பயன்படுவதால் அது வேறு கதை. ஆனால் அத்தை பகிரும் படத்துக்குச் சட்டத்தைத் தேடிப்போவது கடினம். முற்றிலும் வழியில்லை என்றும் சொல்வதற்கில்லை. நெதர்லாந்தில் பேரக்குழந்தைகளின் படங்களை மகளின் எதிர்ப்பை மீறிச் சமூக ஊடகங்களில் வைத்திருந்த பாட்டி ஒருவரை, அவற்றை நீக்கும்படி 2020-இல் கெல்டர்லாந்து நீதிமன்றம் உத்தரவிட்டது. தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, அதிகபட்சமாக 1,000 யூரோ அபராதம் என்றும் சொன்னது. பொதுவெளியில் போய்ச்சேரக்கூடிய படத்தை வீட்டுக்குள் நடக்கும் காரியமாகக் கருத முடியாது என்பதே அதன் அடிப்படை. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இயற்றிய சட்டம், குழந்தையின் படத்தைப் பகிரும் விஷயத்தில் அதன் அந்தரங்கத்தை மதிப்பதைப் பெற்றோரின் கடமைகளுள் ஒன்றாக்கி, வயதுக்கேற்பக் குழந்தையின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது.

உங்கள் மகள் எந்தச் சட்டத்தையும் படிக்காமலேயே அதைத்தான் கேட்டிருக்கிறாள். அவளிடம் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் பின்னோக்கிப் பாருங்கள். எது இருக்கட்டும், எது வேண்டாம் என்று அவளே சொல்லட்டும். அவள் சொன்னதும் அவள் கண் முன்னாலேயே நீக்குங்கள். நீங்கள் வாதாட விரும்பும் படங்கள் வரும், வாதாடாதீர்கள். அவற்றை வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். உறவினர்கள் பகிர்ந்த படங்களுக்கு நீங்களே பேசி நீக்கச் சொல்லுங்கள். அந்தச் சங்கடத்தை அவள் தலையில் வைக்காதீர்கள்.

நான் சொல்லும் வழி

ஒரே இரவில் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டால் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் பெரும்பாலும் மகளின் படங்களே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவளோடு உட்கார்ந்து பார்த்த பின், வேண்டியதைப் பதிவிறக்கிக்கொண்டு அந்தக் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வாட்ஸ்அப் இருக்கட்டும். 2016 முதல் அதன் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே புரியும்படி மறையாக்கம் செய்யப்படுகின்றன; உள்ளடக்கத்தை நிறுவனம் படிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பதை அது அறியும். இணையச் சேமிப்பகத்தில் வைக்கப்படும் செய்திகளின் நகலுக்கான மறையாக்கம் தானாக இயங்காமல் இருக்கலாம். அமைப்புகளில் போய்ப் பார்த்து இயக்குங்கள். வேலைக்கு அது வேண்டும் என்ற நிலையில், அதை விட்டு விலகச் சொல்வது நேர்மையான ஆலோசனையாக இராது.

ஃபேஸ்புக்கைப் பொறுத்தவரை முதலில் சுத்தம் செய்யுங்கள். கைப்பேசியின் அமைப்புகளில் தொடர்புப் பட்டியல், இருப்பிடம் இரண்டுக்கும் உள்ள அனுமதியை ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே பதிவேற்றப்பட்ட தொடர்புகளை அழிக்கத் தனி வழி இருக்கிறது, அதையும் செய்யுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைக் கொண்டு உங்களை யார் தேடலாம் என்ற இடத்தில் ‘நான் மட்டும்’ என்று வையுங்கள். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் விவரங்கள் எண்களோடு இணையத்தில் வந்து விழுந்ததற்குக் காரணம், எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சிலர் தவறாகப் பயன்படுத்தியதுதான். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணுக்கு வரும் ஓடிபிக்குப் பதிலாக அதற்கென உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதும், 2019-இல் ஃபேஸ்புக் மீது 500 கோடி டாலர் அபராதம் விதித்த அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் ‘நண்பர்களுக்கு மட்டும்’ ஆக்க முடியும். பிற தளங்களிலிருந்து மெட்டாவுக்குப் போகும் செயல்பாடுகளின் பட்டியலையும் திறந்து பாருங்கள்; அதை உங்கள் கணக்கிலிருந்து துண்டிக்கலாம். துண்டித்தாலும் தகவல் போவது நிற்காது, உங்கள் பெயரோடு சேர்க்கப்படுவதுதான் நிற்கும்.

அதன் பிறகு நான்கு வாரங்களுக்குக் கணக்கை முடக்கி வையுங்கள். முடக்கினாலும் தகவல் நிறுவனத்திடம் அப்படியே இருக்கும் என்று மேலே சொன்னேன். இது உங்களுக்கு அது எவ்வளவு தேவைப்படுகிறது என்று அறிவதற்கு மட்டும். 2018-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய இதே சோதனையை ஆய்வாளர்கள் நடத்தினார்கள். நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு இருந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை சிறிதளவு மேம்பட்டது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. சோதனை முடிந்த பிறகும் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். அந்த நான்கு வாரத்தில் எதற்காக அதைத் தேடினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தம்பியின் பக்கத்தைப் பார்ப்பதற்காக என்று அதில் அடிக்கடி வந்தால், கணக்கை மூட அவசரப்பட வேண்டாம். அந்தப் பக்கம் உங்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை ஆலோசகரிடம் பேசுங்கள். அது வழக்கறிஞர் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

அந்தப் பெண்ணிடம் சொல்வதா?

அவருக்கு நட்புக் கோரிக்கை அனுப்பாதீர்கள். அந்தப் பரிந்துரையை நீக்கிவிட்டு, அவருடைய பக்கத்தை மறுபடி திறக்காமல் இருங்கள். முதலில் ஆலோசகரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் மீது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவர் அறிந்து செய்திருக்க வாய்ப்பில்லை. குழுவினரின் எண்கள் இருக்கும் கைப்பேசியில் எந்தச் செயலிக்கும் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி இருக்கக் கூடாது என்றும், ஏற்கெனவே போனவற்றை அழிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். உங்கள் ரகசியத்தைக் காப்பது அவருடைய தொழில் கடமை. கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில், யாருக்கு நடந்தது என்று சொல்லாமல், எட்டுப் பேருக்கும் பொதுவாக அவரே இதை எடுத்துச் சொன்னால் நல்லது. வேறு யாருக்கும் இது நடந்திருந்தால் அவர்களும் அப்போது வாய் திறப்பார்கள்.

அதன் பிறகும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது என்றால், அல்லது அவரே “உங்களை நானும் பார்த்தேன்” என்று தொடங்கினால், உண்மையைச் சொல்லிவிடுங்கள். பெயரும் படமும் திரையில் வந்தன, தொட்டுப் பார்த்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன் என்ற அளவு போதும். பார்த்ததை மறுக்க வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். அவர் எங்கே வேலை பார்க்கிறார், அவருக்கு எத்தனை குழந்தைகள் என்பதை அவராகச் சொல்லும் நாள் வந்தால், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவரைப் போல முழுக் கவனத்தோடு கேளுங்கள்.